தட்டுப்பாட்டில் பிறந்த படிப்பு: இந்திய ஹோட்டல் மேலாண்மைக் கல்வியின் வரலாறு

ஹோட்டல் மேலாண்மை, சுற்றுலா மேலாண்மை என்று பல்கலைக்கழகப் பாடப்பட்டியல்களில் இன்று அடுத்தடுத்து அச்சிடப்படும் இரு படிப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், இந்தியாவில் அவை வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கவலைகளின் பொருட்டுத் தோன்றியவை. ஹோட்டல் படிப்பு வெளிநாட்டுப் பயணியை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்டதன்று. அரிசியும் கோதுமையும் போதாத நாட்டில், கிடைக்கும் பொருளைக் கொண்டு பெருந்தொகையான மக்களுக்குச் சத்துக் குறையாமல் எவ்வாறு உணவளிப்பது என்ற கேள்வியிலிருந்தே அது முளைத்தது. பின்னாளில் அக்கேள்வி மறக்கப்பட்டு, நட்சத்திர விடுதியின் வரவேற்பறையை நோக்கி அப்படிப்பு திரும்பிக்கொண்ட விதமே அதன் வரலாற்றின் முக்கியமான பகுதி.

தமிழ்நாட்டில் இப்படிப்பை ஹோட்டல் மேலாண்மை என்று சொல்பவர் குறைவு; ஊர்ப்பேச்சில் அது ‘கேட்டரிங்’ தான், கல்லூரி ‘கேட்டரிங் காலேஜ்’ தான். அதிகாரப்பூர்வமான பெயரைவிட இந்த வழக்குப்பெயரே படிப்பின் தொடக்கத்துக்கு நெருக்கமானது என்பது தற்செயலான உண்மை. கேட்டரிங் என்பது ஆலை, மருத்துவமனை, மாணவர் விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் கூடும் மக்களுக்கு மொத்தமாக உணவு சமைத்து வழங்கும் தொழிலைக் குறித்தது. விருந்தோம்பல் என்ற சொல் இப்பொருளில் ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்திய நிகழ்ச்சி. கல்லூரி விளம்பரங்கள் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தைத் தவறாமல் நினைவூட்டினாலும், அங்கே பேசப்படும் விருந்து விலைக்கு விற்கப்படுவதன்று. சத்திரங்களிலும் மடங்களிலும் அன்னதானம் நடந்த தமிழ்ப் பகுதியில் சோற்றை விற்பது இழிவு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியதால், உணவு விற்பனை ஒரு தொழிலாக மதிப்புப் பெறுவதற்கே இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

அவ்வாறு மதிப்புப் பெற்றபோது அத்தொழிலைக் கற்பித்தது பள்ளியன்று, அடுப்படி. சென்னையில் ஐரோப்பியருக்கான வழி ஒன்றும் உள்ளூராருக்கான வழி ஒன்றுமாக இரு பயிற்சி மரபுகள் அருகருகே நடந்தன. கன்னிமாரா ஹோட்டலையும் தென்னக ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளையும் நடத்திய ஸ்பென்சர் போன்ற நிறுவனங்களிலும், வெள்ளையர் வீடுகளிலும், பட்லர் எனப்பட்ட தலைமைப் பணியாளரின் கீழ் மேசை விரிப்பு, கத்தி முள்கரண்டி வரிசை, சூப் முதல் புட்டிங் வரையிலான பரிமாறும் முறை ஆகியவை பார்த்துப் பழகும் பாடமாக இருந்தன. மறுபுறத்தில், உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்திய காப்பி கிளப்புகளிலும் சைவ உணவகங்களிலும், சிறுவனாகச் சேர்பவன் முதலில் மேசை துடைத்து, பிறகு மாவரைத்து, சப்ளையராகி, சமையற்காரரான சரக்கு மாஸ்டரிடம் கைப்பக்குவம் பெற்று, நம்பிக்கைக்கு உரியவனானால் கல்லாவில் உட்காரும் நிலை வரை உயர்ந்தான். உணவகப் பணியாளாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1938-இல் சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கும் அளவுக்கு வளர்ந்தது இந்த மரபின் வழியாகத்தான். எடை, அளவு, கணக்கு, ஆளை நடத்தும் விதம் ஆகிய அனைத்தும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆனால் ஒன்றும் எழுதப்படவில்லை.

உலகின் பிற பகுதிகளில் இத்தொழில் வகுப்பறைக்குள் நுழைந்த கதை இரண்டு ஊர்களைச் சுற்றியது. சுவிட்சர்லாந்து ஹோட்டல் உரிமையாளர்களின் சங்கத்துக்காக ஜாக் சூமி 1893-இல் லோசான் நகரில் நிறுவிய பள்ளி, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் அறைகளிலேயே வகுப்புகளைத் தொடங்கியது. ஆல்ப்ஸ் மலைக்கு வரும் செல்வந்தர் கூட்டத்துக்குத் தேர்ந்த ஆட்கள் போதவில்லை என்பது அதன் நேரடிக் காரணம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-இல் தொடங்கிய ஹோட்டல் நிர்வாகப் பட்டப்படிப்பு வேறொரு பாதையில் வந்தது. ஹோட்டல் உரிமையாளர்களின் வேண்டுகோளின் பேரில் உருவான அப்படிப்புக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்தது மனையியல் துறை. உணவு, ஊட்டம், வீட்டு நிர்வாகம் ஆகியவற்றை அறிவியல் முறையில் கற்பிப்பதற்காக மார்த்தா வான் ரென்சலர், ஃப்ளோரா ரோஸ் ஆகிய இரு பெண்கள் கட்டியெழுப்பிய துறை அது. ஹோவர்ட் மீக் என்ற ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்த ஹோட்டல் பிரிவு, எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்ற ஹோட்டல் அதிபரின் பெயரிலான அறக்கட்டளையின் பணத்தால் தனிக் கட்டடம் பெற்று, 1950-களில் மனையியலிலிருந்து பிரிந்து தனிப் பள்ளியாயிற்று. பெண்கள் கட்டிய வீட்டின் ஒரு அறையில் தொடங்கி, பிறகு தனி வாசல் வைத்துக்கொண்டு வெளியேறிய இந்தப் போக்கு இந்தியாவிலும் ஏறக்குறைய அப்படியே நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது.

இந்தியக் கதையின் பின்னணி 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சமும் அதைத் தொடர்ந்த ரேஷன் ஆண்டுகளும் ஆகும். நாட்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபின் கோதுமை நிலங்கள் கைவிட்டுப் போன பின்னர் உணவுத் தானியம் வாங்குவது சுதந்திர அரசின் பெருஞ்செலவாயிற்று. சென்னை மாநிலத்தில் இராஜாஜி 1952 ஜூன் மாதத்தில் ரேஷன் முறையை விலக்கும் வரை, விருந்துச் சமையலும் உணவகச் சமையலும் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டவையாகவே இருந்தன. இதே காலத்தில் இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இன்னொரு தேவையைப் பிறப்பித்தது: 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் அமைக்க வேண்டும் என்று விதிக்க மாநில அரசுகளுக்கு அச்சட்டத்தின் 46-ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. ஒரே வேளையில் ஆயிரம் தட்டுகளை நிரப்பவும், கணக்கு வைக்கவும், சுகாதார ஆய்வாளருக்கு விடை சொல்லவும் தெரிந்த மேற்பார்வையாளர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதை அச்சட்டம் சொல்லவில்லை.

1950 முதல் 1952 வரை மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் கே. எம். முன்ஷி. அவருடைய துணைவியாரும், குஜராத்தி எழுத்தாளரும், பொதுவாழ்வில் தனித்த இடம் பெற்றவருமான லீலாவதி முன்ஷி, அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் குழு என்ற அமைப்பின் வழியாக, அரிசி கோதுமைக்கு மாற்றான உணவுகளைப் பழக்கப்படுத்தும் முயற்சியில் இறங்கினார். அக்குழு ‘அன்னபூர்ணா’ என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகளை நடத்தியது. கோயம்புத்தூர்க்காரர்கள் அறிந்த அன்னபூர்ணா உணவகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலிவான விலை, தானியச் சிக்கனம், தூய்மை ஆகிய மூன்றையும் ஒருசேரக் காப்பாற்றுவது பயிற்சியில்லாத ஆட்களால் இயலாது என்பது அச்சாலைகளை நடத்தியவர்களுக்கு விரைவிலேயே விளங்கியிருக்க வேண்டும். 1954-இல் அக்குழுவே பம்பாயில் ஒரு கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. அந்தேரியில் பாரதிய வித்யா பவன் கல்லூரி வளாகத்தில் சிறிய அளவில் பிறந்து, பின்னர் தாதருக்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரியே இந்தியாவில் இத்துறையின் முதல் கல்வி நிறுவனம். நாட்டின் ஹோட்டல் படிப்பை நிறுவியது ஹோட்டல் உரிமையாளர் சங்கமும் அன்று, சுற்றுலாத் துறையும் அன்று, ஒரு மகளிர் உணவுக் குழு என்ற செய்தி இத்துறையின் பாடநூல்களில் ஒற்றை வரியாகக் கடந்து செல்லப்படுவது வருந்தத்தக்கது.

அம்முயற்சியை மத்திய அரசின் உணவுத் துறை தன் கையில் எடுத்துக்கொண்டு, 1962-இல் தில்லி பூசாவிலும் 1963-இல் சென்னையிலும் கல்கத்தாவிலும் அதே வகையான நிறுவனங்களைத் திறந்தது. இவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர் நீளமானது: ஹோட்டல் மேலாண்மை, கேட்டரிங் தொழில்நுட்பம், பயன்பாட்டு ஊட்டச்சத்து நிறுவனம். இப்பெயரின் கடைசிப் பகுதிதான் அக்காலத்தின் முத்திரை. பயன்பாட்டு ஊட்டச்சத்து என்பது, எந்த உணவில் எவ்வளவு புரதமும் உயிர்ச்சத்தும் உள்ளன என்ற ஆய்வக அறிவை, குறைந்த செலவில் மக்களின் அன்றாடத் தட்டுக்குக் கொண்டுசேர்க்கும் முறை; யுனிசெஃப் முதலிய ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையுடன் 1960-களில் இந்திய ஊர்களில் நடந்த திட்டங்களும் இதே பெயரைத் தாங்கின. தரமணியில் இயங்கும் சென்னை நிறுவனத்தில் சேர்ந்த மாணவர் சமையலுடன் ஊட்டச்சத்துக் கணக்கையும் கற்றதற்குக் காரணம், அவர் விடுதி மேலாளராக மட்டுமன்றி மருத்துவமனை உணவுக்கூடத்துக்கும் ஆலைக் கேண்டீனுக்கும் பொறுப்பேற்பவராகவும் கருதப்பட்டதே.

இந்த நோக்கத்துக்குத் தென்னகத்தில் நிலம் ஏற்கெனவே பண்படுத்தப்பட்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இராணி மேரிக் கல்லூரியிலும் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் 1940-களிலேயே மனையியல் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தது. கோயம்புத்தூரில் தி. சு. அவினாசிலிங்கம் 1957-இல் நிறுவிய மனையியல் கல்லூரியில் இராஜம்மாள் தேவதாஸ் தலைமையில் நடந்த ஊட்டச்சத்து ஆய்வுகள் பள்ளி மதிய உணவு வரை நீண்டன. சமையலைப் பெண்களின் இயல்பான வேலை என்ற நிலையிலிருந்து எடையிட்டு, அளவிட்டு, குறித்து வைக்கத்தக்க அறிவு என்ற நிலைக்கு மாற்றியது இம்மனையியல் வகுப்பறைகளே. கேட்டரிங் கல்வியின் முதல் தலைமுறை ஆசிரியர்களுள் மிகப் பெரியவரான தங்கம் பிலிப் இந்த அறிவுமரபைச் சேர்ந்தவர். கேரளத்தில் பிறந்து, பம்பாய் நிறுவனத்தின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றி, 1976-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் எழுதிய ‘மாடர்ன் குக்கரி ஃபார் டீச்சிங் அண்ட் த டிரேட்’ என்ற இரு தொகுதி நூல் 1960-களில் வெளிவந்தது. கைப்பிடி, சிட்டிகை, கண்ணளவு என்று இருந்த இந்தியச் சமையல் குறிப்புகளைக் கிராம், மில்லிலிட்டர், பரிமாறும் அளவு என்று நிலைப்படுத்தி, ஒரே உணவை வேறொரு சமையற்காரரும் அதே சுவையில் ஆக்கும்படி செய்த அந்நூல், கேட்டரிங் மாணவர்களின் பல தலைமுறைகளுக்குக் கைநூலாயிற்று. நூலின் பெயரிலேயே கற்பித்தலும் தொழிலும் இணைத்து வைக்கப்பட்டிருப்பது அவருடைய நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

பாடத்திட்டம் நான்கு தூண்களின்மீது நின்றது, இன்றும் நிற்கிறது. சமையற்கூடப் பணியான உணவாக்கம், மேசைப் பணியான உணவு பரிமாறல், அறைகளையும் துணிகளையும் பேணும் ஹவுஸ்கீப்பிங், விருந்தினரை வரவேற்று அறை ஒதுக்கிக் கணக்கு முடிக்கும் ஃப்ரண்ட் ஆபிஸ் ஆகியவையே அவை. இவற்றுள் முதலிரண்டின் மொழி பிரெஞ்சு. சமையற்கூடத்தைப் படை போல அடுக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளரை நிறுத்திய முறையும், தாய்ச் சாஸ்கள் எனப்படும் அடிப்படைக் குழம்புகளிலிருந்து மற்றவற்றைக் கிளைக்கச் செய்யும் முறையும் ஒகுஸ்த் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் சமையல் வல்லுநருக்கும் 1903-இல் அவர் வெளியிட்ட நூலுக்கும் கடன்பட்டவை. முன்தயாரிப்புக்கு மீஸ் ஆன் பிளாஸ் என்றும், காய் நறுக்கும் வடிவங்களுக்கு ஜூலியன், புரூன்வாஸ் என்றும் சொல்லப் பழகிய பிறகே மாணவர் இந்தியச் சமையலுக்கு வந்தார். வந்தபோதும், தமிழ்நாட்டின் சமையல் முழுவதும் ‘தென்னிந்திய மெனு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஓரிரு செய்முறை வகுப்புகளில் அடங்கிவிட்டது. ஒழுங்கு, சுகாதாரம், அளவு ஆகியவற்றில் பிரெஞ்சு முறை தந்த பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும், பெருமளவு சமையலைக் கற்பிக்கப் புறப்பட்ட ஒரு படிப்பு, ஆயிரம் இலை போடும் கலியாணச் சமையலின் திட்டமிடல் தன் வாசலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்ததைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதது பெரிய குறை.

சுற்றுலாவின் கதை இதற்கு இணையாக, ஆனால் தொடாமல் ஓடியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இந்திய அரசின் கல்வி ஆலோசகரான ஜான் சார்ஜண்ட் தலைமையிலான குழு சுற்றுலாவுக்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்ததையடுத்து, 1949-இல் போக்குவரத்து அமைச்சகத்தில் ஒரு சுற்றுலாப் பிரிவும், 1958-இல் தனித் துறையும் உருவாயின. 1951-இல் 16,829 ஆக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 1961-இல் ஏறக்குறைய 1,40,000 ஆயிற்று. சீனப் போர் நடந்த 1962-இல் அது குறைந்தபோது கவலையுற்ற அரசு, எல். கே. ஜா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகளின் தொடர்ச்சியாகவே, அரசே ஹோட்டல்களையும் பயணப் போக்குவரத்தையும் நடத்துவதற்கான இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1966-இல் பிறந்தது. அதே ஆண்டில் ஓபராய் குழுமம் தன் ஹோட்டல்களுக்கு மேலாளர்களை உருவாக்கத் தில்லியில் சொந்தப் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து, அரசு நிறுவனங்களின் மாணவர்களை மட்டும் நம்பியிருக்கத் தனியார் விரும்பவில்லை என்பது தெரிகிறது. பக்கத்து இலங்கையில் நிலைமை வேறு. 1966-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டத்தால் சுற்றுலாச் சபை நிறுவப்பட்ட காலத்திலேயே கொழும்பின் ஹோட்டல் பள்ளியும் அச்சபையின் அரவணைப்பில் வளர்ந்தது. அங்கே படிப்பு முதலிலிருந்தே பயணிக்கானது. இந்தியாவிலோ ஹோட்டல் கல்வி உணவு அமைச்சகத்திலும், ஹோட்டல்களைப் பற்றிய கொள்கை சுற்றுலாத் துறையிலுமாக இருபது ஆண்டுகள் தனித்தனியே கிடந்தன.

இப்பிரிவு 1980-களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பசுமைப் புரட்சியின் விளைச்சலால் உணவுத் தட்டுப்பாடு பற்றிய பேச்சு தணிந்திருந்தது. 1982 நவம்பரில் தில்லியில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் புதிய ஹோட்டல்கள் அவசர அவசரமாக எழுந்துகொண்டிருந்தன. நாட்டின் முதல் சுற்றுலாக் கொள்கையும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. உணவுத் துறையின் கீழ் இருந்த நிறுவனங்கள் சுற்றுலாத் துறைக்கு மாற்றப்பட்டு, அவற்றின் பாடத்திட்டம், தேர்வு, சேர்க்கை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தத் தேசிய ஹோட்டல் மேலாண்மை, கேட்டரிங் தொழில்நுட்பக் குழுமம் 1982-இல் அமைக்கப்பட்டது. நிர்வாக நோக்கில் இது நியாயமான மாற்றம். கற்றவர்களுக்கு வேலை தருபவை ஹோட்டல்களே என்னும்போது, ஹோட்டல்களை அறிந்த துறையே கல்வியையும் பார்த்துக்கொள்வதில் குற்றம் காண இயலாது. ஆயினும் ஒரு காலப்பொருத்தத்தைச் சுட்டாமல் கடக்க முடியாது. அதே 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கி, ஊர்தோறும் சமையற்கூடங்கள் எழுந்து, இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அன்றாடம் உணவு சமைக்கப்பட்டது. பெருங்கூட்டத்துக்குச் சத்துள்ள உணவு என்ற, லீலாவதி முன்ஷியின் காலத்துக் கேள்விக்கு இந்தியா கண்ட மிகப் பெரிய விடைகளுள் ஒன்று நடைமுறைக்கு வந்த அதே நேரத்தில், அக்கேள்விக்காகத் தொடங்கப்பட்ட படிப்பு முகத்தை வேறு திசைக்குத் திருப்பிக்கொண்டது.

ஹோட்டல் கல்வி அடுப்பிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனது என்றால், சுற்றுலாக் கல்வி பல்கலைக்கழகத்திலிருந்து தொழிலுக்கு வந்தது. மக்கள் ஏன் பயணம் செய்கிறார்கள், அப்பயணம் சென்றடையும் ஊரின் பொருளாதாரத்தையும் வாழ்வையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராயும் இத்துறைக்கு, 1941-இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன், பேர்ன் ஆகிய இடங்களில் ஆய்வு நிறுவனங்கள் தோன்றின. அவற்றைச் சேர்ந்த வால்டர் ஹுன்சிக்கரும் கர்ட் கிராஃபும் 1942-இல் வெளியிட்ட நூலில், நிலையாகக் குடியேறும் எண்ணமோ பொருளீட்டும் நோக்கமோ இல்லாமல் ஓரிடத்துக்கு வந்து தங்குவோரால் எழும் உறவுகளும் நிகழ்வுகளும் சேர்ந்ததே சுற்றுலா என்று வரையறுத்தனர். பிரிட்டனில் சர்ரே, ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகங்கள் 1972-இல் சுற்றுலா முதுநிலைப் படிப்பைத் தொடங்கியதும், மறு ஆண்டில் ஜாஃபர் ஜாஃபரி ‘அனல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்’ என்ற ஆய்விதழை நிறுவியதும் இதைத் தனித்துறையாக நிலைநாட்டின. இந்தியாவில் 1972-இல் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகத்தின் தொழிற்படிப்புக் கல்லூரி இளங்கலை அளவில் சுற்றுலாவைப் பாடமாக்கியது. மேலாண்மை அளவில், சுற்றுலாத் துறை 1983-இல் இந்தியச் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனத்தைத் தில்லியில் நிறுவி, பின்னர் குவாலியருக்கு மாற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 1994-95-இல் கலை, அறிவியல் கல்லூரிகளின் பட்டப்படிப்பில் தொழிற்பாடங்களைச் சேர்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அப்பட்டியலில் சுற்றுலாவும் இடம்பெற்றது. வரலாற்றுத் துறைகள் பல, மாணவர் எண்ணிக்கை குறைந்துவந்த தங்கள் வகுப்பறைகளைக் காத்துக்கொள்ள அதை ஆவலுடன் பற்றிக்கொண்டன. கோயிற்கலையும் கல்வெட்டும் அறிந்த ஆசிரியர்கள் விமானப் பயணச்சீட்டுக் கட்டண முறையையும் கற்பிக்க நேர்ந்த விந்தை அவ்வாறு நிகழ்ந்தது.

ஹோட்டல் துறையில் பட்டம் என்ற ஒன்று தாமதமாகவே வந்தது. அரசு நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூன்றாண்டுப் பட்டயத்தையே வழங்கிவந்தன. பட்டயம் பெற்றவருக்கு ஹோட்டலில் வேலை கிடைத்தது. ஆனால் பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகளும் முதுநிலைப் படிப்புகளும் அவருக்குக் கதவடைத்தன. 1975-இல் சென்னையில் சோழா ஹோட்டலுடன் இத்தொழிலில் கால்வைத்த ஐ.டி.சி. நிறுவனத்தின் வெல்கம்குரூப், 1980-களின் பிற்பகுதியில் மணிப்பாலில் ஒரு பட்டக் கல்லூரியைத் தொடங்கியது. தாஜ் குழுமத்தின் ஆதரவுடன் அவுரங்காபாத்தில் தோன்றிய நிறுவனம் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டம் வழங்கியது. இவற்றுக்குப் பிறகே அரசின் தேசியக் குழுமம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து தன் பட்டயத்தை விருந்தோம்பல், ஹோட்டல் நிர்வாக இளம் அறிவியல் பட்டமாக மாற்றியது. பின்னர் அப்பொறுப்பு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அரசு நிறுவனங்களின் சமையற்கூடத்தில் கற்ற படிப்புக்குத் தொலைநிலைப் பல்கலைக்கழகம் ஒன்று முதலில் பட்டம் தர நேர்ந்ததற்குக் காரணம், நேரடிப் பல்கலைக்கழகங்கள் இதை அறிவுத்துறையாக ஏற்கத் தயங்கியதே என்று கருத இடமுண்டு. தயக்கத்தின் அடியில் கைவேலை பற்றிய பழைய இளக்காரம் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பின்னர் அத்தயக்கத்தை விட்டபோது அளவு கடந்தே விட்டன. கேட்டரிங் அறிவியலும் ஹோட்டல் மேலாண்மையும், ஹோட்டல் மற்றும் கேட்டரிங் மேலாண்மை என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெயரில் பட்டங்கள் பெருகின. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் பெற்ற நான்காண்டுப் படிப்பு ஒருபுறமும், கலை அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டுப் படிப்பு மறுபுறமும், எந்தப் பல்கலைக்கழகத்துடனும் இணையாத தனியார் பயிற்சி நிலையங்களின் ஓராண்டுச் சான்றிதழ் இன்னொரு புறமுமாக நின்றன. மூன்றையும் ஊர் ‘கேட்டரிங்’ என்ற ஒரே பெயரால் அழைத்தது. 1991-க்குப் பிந்திய பொருளாதார மாற்றங்கள், வளைகுடா நாடுகளின் ஹோட்டல்கள், சொகுசுக் கப்பல் வேலை ஆகியவை சிற்றூர்ப் பிள்ளைகளை இப்படிப்பின்பால் ஈர்த்தன. பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கான புகலிடம் என்ற பெயரையும் அது இக்காலத்தில்தான் ஈட்டிக்கொண்டது. இதே படிப்பிலிருந்து, தேனி மாவட்டம் உத்தமபாளையத்தைச் சேர்ந்த ஜேக்கப் சகாயகுமார் அருணி போன்றோர், தொண்டை நாடு, நாஞ்சில் நாடு, கொங்கு நாடு என்று வட்டாரம் வட்டாரமாகத் தமிழ்ச் சமையலைத் தேடி ஆவணப்படுத்தப் புறப்பட்டதும் உண்டு. 2012-இல் இளம் வயதில் அவர் மறைந்தபோது அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் முயற்சியாகவே நின்றுபோயிற்று. கல்லூரிகள் அதைத் தங்கள் பாடமாக வாங்கிக்கொள்ளவில்லை.

மத்திய அரசு 2009-10-இல் ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ என்ற பெயரில், எட்டாம் வகுப்பு படித்த இளைஞருக்குச் சமையலும் பரிமாறலும் கற்பிக்கும் சில வாரப் பயிற்சியை இதே நிறுவனங்களில் தொடங்கியது, பட்டத்தை நோக்கி நீண்ட பயணம் மேற்கொண்ட படிப்பு மறுபடியும் கைத்திறனின் பக்கம் திரும்பிப் பார்த்ததைக் காட்டுகிறது. ஆனால் அப்பயிற்சியிலும் கற்பிப்பவர் பட்டம் பெற்றவர், கற்பவர் இளைஞர் என்ற ஒரு வழிப் பாதையே உண்டு. நாற்பது ஆண்டுகள் அடுப்பின் முன் நின்ற சரக்கு மாஸ்டரும், ஐயாயிரம் பேர் விருந்துக்கு மனக்கணக்கில் சாமான் பட்டியல் போடும் கலியாணச் சமையற்காரரும் ஆசிரியராக உள்ளே வருவதற்கு அதில் வழியில்லை. பம்பாயில் தங்கம் பிலிப் கைப்பிடி அளவுகளைக் கிராமாக மாற்றியது போல, இவர்களின் கணக்குகளையும் கலைச்சொற்களையும் அளந்து எழுதும் வேலையைத் தமிழ்நாட்டுக் கேட்டரிங் துறைகள் தங்கள் முதுநிலை ஆய்வுகளாக மேற்கொள்ள வேண்டும். அத்தலைமுறையில் பலருக்கு இப்போது எழுபது வயதாகிறது.